மூன்று சோடிப் பெட்டியும் நல்லையாவின் அடியும்

இந்தக் காலத்து மனிதர்களுக்கு ஒரு கேள்விக்கு நேரே பதில் சொல்ல வாய் வருவதில்லை. முத்துவீரனுக்கு உலகத்தின் மேல் இருந்த குறைகளில் முதல் குறை அது. உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டால், நன்றாக இருக்கிறார் என்றோ இல்லை என்றோ சொல்லிவிட்டுப் போனை வைக்க வேண்டியதுதானே. அப்படியா செய்கிறார்கள்? கட்டைவிரலைத் தூக்கி நிறுத்தின மாதிரி ஒரு படம் வருகிறது. பின்னாலேயே ஒரு பூ. அதற்கும் பின்னால் கும்பிடுகிற கை. விரலும் பூவும் கையும் வந்து சேர்ந்த பிறகும், கேட்டவன் கேட்ட இடத்திலேயே நிற்கிறான்.

இலங்கையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்துகொண்டு முத்துவீரன் கேட்டது பெரிய விசயமும் இல்லை. இந்தியாவில், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற தன் தம்பி நல்லையா உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதுதான்.

தீபாவளி வரைக்கும் நல்லையா மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தான். முத்துவீரனின் மகள் கலைச்செல்வியின் போனுக்கு அழைப்பு வரும். அண்ணனும் தம்பியும் பேசுவதற்கு அதிகம் இருக்காது. அங்கே மழையா, இங்கே மழையா, முழங்கால் எப்படி, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் வந்துவிடும். தீபாவளிக்குப் பிறகு அது நின்றுபோனது. போனை எடுப்பது நல்லையாவின் மகன் சுரேந்திரன். அப்பா தூங்குகிறார் என்பான். அப்பா கடைக்குப் போயிருக்கிறார் என்பான். பிறகு அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றான். நான்கு மாதமாகத் தொண்டை கட்டிக் கிடக்கிற மனிதனை முத்துவீரன் தன் எழுபத்தொரு வயதில் பார்த்தது கிடையாது.

படத்தில் பார்த்தால் தெரிந்துவிடுமே அப்பா என்று கலைச்செல்வி சொன்னாள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் ஆசிரியை அவள். எதையும் படத்தில் காட்டினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவள். படமும் வந்தது. ஒரு கிழவன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டிருந்தான். முத்துவீரன் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்கப்பன் மூஞ்சி," என்றார். "எங்க வழியில எந்தக் கெழவனக் கொண்டாந்து ஒக்கார வச்சாலும் இந்த மூக்குதான் இருக்கும். நல்லையா கப்பலேறுனப்ப அவனுக்கு இருபத்துநாலு வயசு. அந்த மூஞ்சிதான் எனக்குத் தெரியும். கெழவனானதுக்குப் பொறகு நான் என்னைக்குப் பாத்தேன்?"

அது உண்மைதான். எண்பத்தோராம் ஆண்டு கலவரக்காரர்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போன பிறகு, அடுத்த வருசம் நல்லையா தலைமன்னாருக்கு ரயிலேறினான். ஒரே லயம், ஒரே அப்பன், ஒரே ஆத்தாள். குடியுரிமை விண்ணப்பம் எழுதியவர் அண்ணனுக்கு இலங்கை என்றும் தம்பிக்கு இந்தியா என்றும் எழுதியிருந்தார். ஏன் அப்படி எழுதினார் என்று கேட்க இருவருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவன் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த கடைசி நாள் அது. அதற்குப் பிறகு முத்துவீரன் எழுதத் தெரிந்தவனை நம்பியதில்லை.

முகம் தெரியாவிட்டால் என்ன, அடி தெரியும். மன்மதன் எரிந்த கதையை ஆடுகிற தோட்டத்துக் காமன் கூத்துக்குத் தப்புப் பறை அடித்தவர்கள் அந்த அண்ணனும் தம்பியும். மாசி பிறந்து காமன் கம்பம் நட்டதிலிருந்து எரிக்கிற அன்று வரைக்கும் தோட்டத்தின் இரண்டு பிரிவான மேல்கணக்கிலும் கீழ்கணக்கிலும் அவர்களுடைய இரண்டு தப்புதான். வலது கையில் கட்டைக் குச்சி, இடது கையில் நீளக் குச்சி. கட்டைக் குச்சி தோலின் நடுவில் விழுந்து நெஞ்சில் இடிக்கும். நீளக் குச்சி மூங்கில் சிம்பு, விளிம்பில் விழுந்து சிலிர்க்கும். நல்லையாவின் நீளக் குச்சி எப்போதும் ஒரு இமைப் பொழுது பிந்தித்தான் விழும். பழகும்போது அண்ணனின் கையைப் பார்த்துவிட்டு அடித்துப் பழகியவன். பிறகு தனியாக அடித்தாலும் அந்தப் பிந்தல் போகவில்லை. அதை வைத்தே முத்துவீரன் ஆயிரம் தப்புக்கு நடுவிலும் அவனைக் கண்டுபிடித்துவிடுவார்.

இதைத் தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, தைப் பொங்கலுக்கு அடுத்த வாரம் சுரேந்திரன் ஒரு தப்பு அடியை அனுப்பினான். அப்பா அடித்தது, பெரியப்பாவுக்கு என்று எழுதியிருந்தான். ஒன்றரை நிமிசம். கலைச்செல்வியின் போனில் கேட்டபோது சிலிர் சிலிர் என்று நீளக் குச்சி மட்டும் விழுந்தது. பிந்தித்தான் விழுந்தது. முத்துவீரன் அதை ஒன்பது தடவை கேட்டார். பத்தாவது தடவை சந்தேகம் வந்தது. கட்டைக் குச்சி எங்கே?

இந்த வருசம் கூத்துக்குச் சோடித் தப்பு இல்லை. அடிக்கிற ஆட்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். அதனால் கலைச்செல்விக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. அப்பாவின் அடியையும் சித்தப்பாவின் அடியையும் ஒன்றாகச் சேர்த்து, கூத்துத் திடலில் ஸ்பீக்கரில் போடலாம். அப்படிச் சேர்க்கிற வேலையைப் பெல்மதுளையில் ஆதிப் என்ற முஸ்லிம் பையன் செய்கிறான். ஆதிபுக்கு முப்பது வயது. மாமாவின் புடவைக் கடைக்கு மேலே ஒரு அறையில் கலியாணப் பாட்டும் தேர்தல் விளம்பரமும் செய்து கொடுப்பவன். முத்துவீரன் ஒப்புக்கொண்டது கூத்துக்காக அல்ல. அங்கே நல்ல ஸ்பீக்கர் இருக்கும், தம்பியின் அடியை முழுசாகக் கேட்டுவிடலாம் என்பதற்காக.

முதல் வாரம் அவருடைய அடியைப் பதிவு செய்தார்கள். தோல் காயாமல் அடிக்க மாட்டேன், நெருப்பு வேண்டும் என்றார். மேல்மாடியில் நெருப்பா என்று ஆதிபின் மாமா கபூர் கீழேயிருந்து ஓடி வந்தார். கடைசியில் கடையின் பின்பக்கம் புடவை வந்த அட்டைப்பெட்டிகளைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினார்கள். படியேறி மேலே வருவதற்குள் தோல் பாதி ஆறிவிட்டது. அடித்ததில் முத்துவீரனுக்குத் திருப்தி இல்லை. அதை யாரும் அவரிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், அவர் தனியாகவே பஸ்ஸேறி வந்தார். கலைச்செல்வி தம்பியின் அடியை ஆதிபுக்கு அனுப்பியிருந்தாள்.

அறையில் ஸ்பீக்கர் பெட்டிகள் கூடியிருந்தன. முன்பு மேசை மேல் சின்னப் பெட்டி ஒரு சோடி இருந்தது. அதற்கு வெளிப்பக்கம், வீட்டு ரேடியோவோடு வருகிற பழைய மரப்பெட்டி ஒரு சோடி. இப்போது இரண்டு மூலைகளிலும் இடுப்பளவுக்கு இரும்புக் காலில் கறுப்பாக ஒரு பெரிய சோடி. வியாழக்கிழமைதான் கொழும்பிலிருந்து வந்தது என்றான் ஆதிப். ஒருவர் பாவித்ததுதான், ஆனால் நல்ல சாமான்.

"எதுக்கு மூணு? ஒனக்கு எத்தன காது?"

"காது ரெண்டுதான் ஐயா. கேக்குற ஆக்கள் ஒரே மாதிரி இல்லயே. ஒத்தர் வீட்டுல கேப்பார், ஒத்தர் பஸ்ஸில, ஒத்தர் போன்ல. எல்லாத்திலயும் சரியா வருதாண்டு பாக்கணும்."

முத்துவீரனுக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை. தம்பியின் அடியைப் போடு என்றார். ஆதிப் நாற்காலியை மேசைக்கு நேரே இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். ஒரு பொத்தானை அழுத்தினான். முதலில் மூலையிலிருந்த பெரிய பெட்டிகள் அடித்தன.

அறை இடிந்தது. கட்டைக் குச்சிதான், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு அடியும் அஞ்சல் ஆபீசில் முத்திரை குத்துகிற மாதிரி நேராக, அழுத்தமாக, ஒரே அளவில் விழுந்தது. இது அவன் இல்லை. அவன் அடி இப்படி இருக்காது.

பெட்டியை மாற்று என்று கையைக் காட்டினார். ஆதிப் சின்னப் பெட்டிக்கு மாற்றினான். சத்தம் பாதியாகக் குறைந்தது. இப்போது ஒரு குச்சி கேட்டது, எந்தக் குச்சி என்று சொல்ல முடியவில்லை. அவனாகவும் இருக்கலாம், வேறு யாராகவும் இருக்கலாம். மரப்பெட்டியில் போட்டபோது நீளக் குச்சி சிலிர்த்தது, தூரத்து மலையிலிருந்து வருகிற மாதிரி. அவன்தான். அவன்தான் என்று நெஞ்சு சொல்லி முடிப்பதற்குள் சத்தம் தேய்ந்து போனது.

முத்துவீரன் எழுந்துவிட்டார்.

"ஒரே அடிய வச்சுக்கிட்டு மூணு பொட்டியும் மூணு விதமாச் சொல்லுது. ஒன்னு இல்லேங்குது. ஒன்னு தெரியாதுங்குது. ஒன்னு ஆமாங்குது. இதுல எத நான் நம்புறது?"

ஆதிப் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர் போயிருப்பார். இன்னும் சரிபார்க்கவில்லை ஐயா, அதுதான் காரணம் என்றான். பெரிய பெட்டி மூலைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் கனத்த கீழ்ச் சத்தத்தைச் சுவர் பெருக்கிக் காட்டுகிறது. மூன்று சோடியும் மூன்று அளவில் சத்தம் போடுகின்றன. கூடச் சத்தம் போடுகிறது எதுவோ அதுதான் உண்மை மாதிரிக் காதுக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் பொறுத்தால் மூன்றையும் ஒரு வாக்குக்குக் கொண்டுவந்துவிடுவேன். அதற்குப் பிறகு எதில் கேட்டாலும் உள்ளே இருப்பதுதான் கேட்கும்.

கூடச் சத்தம் போடுகிறவன் சொல்வதுதான் உண்மை மாதிரித் தெரியும் என்பதை மட்டும் முத்துவீரன் ஒத்துக்கொண்டார். அது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் தினம் நடப்பதுதான். உட்கார்ந்தார்.

ஆதிப் அளவு நாடாவை எடுத்தான். நாற்காலியில் காது இருக்கிற இடத்தில் ஒரு கம்பத்தை நிறுத்தி, அதன் உச்சியில் விரலளவு மைக் ஒன்றைச் செருகினான். அங்கிருந்து இடது பெட்டிக்கு எவ்வளவு, வலது பெட்டிக்கு எவ்வளவு, இரண்டு பெட்டிக்கும் இடையில் எவ்வளவு. மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டுமாம். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான். முத்துவீரன் பிடித்தார், ஆனால் இலக்கத்தைத் தானும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். எழுத்து வராவிட்டாலும் இலக்கம் வரும். பெரிய பெட்டிகளைச் சுவரை விட்டு ஒரு முழத்துக்கு மேல் முன்னால் இழுத்தார்கள். மூலையில் இரண்டு கொட்டைப்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தினான். மெத்தையில் படுக்காமல் நிறுத்தி வைக்கிறானே என்று நினைத்தார், கேட்கவில்லை.

பிறகு ஒரு இரைச்சலைப் போட்டான். சோ என்று, ஏற்றமும் இறக்கமும் இல்லாமல். லயத்துத் தகரத்தில் அடைமழை பிடித்த மாதிரி இருந்தது. இதில் கீழ்ச் சத்தத்திலிருந்து மேல் சத்தம் வரைக்கும் எல்லாம் சரிபங்காக இருக்கிறது என்றான் ஆதிப். ஒவ்வொரு பெட்டியாக, மற்றதை எல்லாம் நிறுத்திவிட்டு, அந்த இரைச்சலை விட்டான். கையில் ஒரு மீட்டர். பெரிய பெட்டியின் இடது எண்பத்துநாலு காட்டியது. பின்பக்கம் இருந்த திருகாணியைக் குறைத்து எழுபத்தொன்பதில் நிறுத்தினான். வலதையும் எழுபத்தொன்பது. சின்னப் பெட்டி எழுபத்தைந்தில் கிடந்தது, அதை ஏற்றினான். மரப்பெட்டிக்குத் திருகாணி கிடையாது, அதை வேறொரு மெசினில் ஏற்றினான். ஆறு பெட்டியும் எழுபத்தொன்பதுக்கு வந்து நின்றன. கொம்பியூட்டரில் கோடுகள் கோணலாக ஏறி இறங்கிக் கிடந்தன. பெரிய பெட்டியின் கோட்டில் ஒரு திமில் இருந்தது. அதைத் தட்டித் தட்டிச் சமமாக்கினான்.

பார்த்துக்கொண்டிருந்த முத்துவீரனுக்கு மெதுவாக வேறொரு நாள் நினைவுக்கு வந்தது.

அவர் ரப்பர் பால் வெட்டியவர். ஒருமுறை பாலில் தண்ணீர் கலந்தார் என்று பிடித்துக்கொண்டார்கள். விசாரணையில் கங்காணி, கணக்கப்பிள்ளை, ஸ்டோரில் பால் அளக்கிறவன் என்று மூன்று பேர் சாட்சி. மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். புதன்கிழமை பிடித்ததை மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை என்று சொன்னார்கள். உண்மையைப் பார்த்த மூன்று பேர் ஒரே பிழையை எப்படிச் செய்வார்கள்? பதினான்கு நாள் வேலை இல்லை என்று தீர்ப்பானது. அன்றைக்குத் தெரிந்துகொண்டார். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் அதில் ஒருவனாவது உண்மையைச் சொல்லக்கூடும். மூன்று பேரும் ஒரே வாக்காகச் சொன்னால், வரும் வழியில் பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இங்கே கண் முன்னாலேயே பேசி வைக்கிறான். ஒவ்வொன்றாகத் தனியே கூப்பிட்டு, நீ இவ்வளவுதான் பேச வேண்டும் என்று திருகாணியைத் திருகிச் சொல்லிக் கொடுக்கிறான்.

இதை அவர் வாய்விட்டே சொன்னார். ஆதிபுக்குக் கொஞ்சம் ரோசம் வந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கூட்டிச் சொன்ன பொய்யை மட்டும் கழித்துவிட்டேன் என்றான். எது பொய் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார் முத்துவீரன். மீட்டர் சொன்னது என்றான். மீட்டருக்கு யார் சொன்னது என்று கேட்டார். ஆதிப் மீட்டரைக் கீழே வைத்தான். தேத்தண்ணி கொண்டுவரக் கீழே ஆளைக் கூப்பிட்டான்.

தேத்தண்ணி வந்தது. குடித்து முடித்ததும் அவரை மறுபடி நாற்காலியில் உட்கார வைத்து, தம்பியின் அடியைப் போட்டான். பெரிய பெட்டி. சின்னப் பெட்டி. மரப்பெட்டி. எது எப்போது மாறுகிறது என்று சொல்லாமலே மாற்றினான்.

முத்துவீரன் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் தடவையாக இரண்டு குச்சியும் ஒன்றாகக் கேட்டன. கட்டைக் குச்சி தன் இடத்தில், நீளக் குச்சி தன் இடத்தில். அறை இடிக்கவில்லை. தப்பு எங்கோ அல்ல, இரண்டு பெட்டிக்கும் நடுவில், கை எட்டுகிற தூரத்தில் வந்து நின்றது. கட்டைக் குச்சி விழுந்தது, பிறகு, அந்த ஒரு இமைப் பொழுது கழித்து, நீளக் குச்சி விழுந்தது. தோல் காய்ச்சின வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வருசமாக அவர் இடது தோள் பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் ஒருவன் வந்து நின்றுவிட்டான். முத்துவீரன் கையைக்கூட அசைக்கவில்லை. அசைத்தால் போய்விடுவானோ என்றிருந்தது.

மூன்றாம் தடவை முடியும்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு பேரு," என்றார்.

ஆதிபுக்குப் புரியவில்லை.

"இது ஒரு ஆளு அடிச்சதில்ல. நீளக் குச்சி நல்லையா. சத்தியமாச் சொல்றேன், அது அவன் கை. கட்டக் குச்சி வேற எவனோ. அது எங்க அடியே இல்ல, அந்த இந்தியாப் பக்கத்து அடி."

ஒரு தப்பு, ஒரு மைக், அதில் இரண்டு பேர் என்று எப்படிச் சொல்வது என்றான் ஆதிப். கொம்பியூட்டரில் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் இரண்டுக்கும் இடையில் அந்தச் சின்ன இடைவெளி இருந்தது. ஒருவரே இப்படி அடிக்கலாமே ஐயா என்றான்.

"அடிக்கலாம். ஆனா ஒருத்தனோட ரெண்டு கையும் ஒன்னுக்கொன்னு இம்புட்டு மரியாத காட்டாது. ஒத்தையடிப் பாதையில பெரிய மனுசனுக்கு வழி விட்டுட்டுப் பின்னால போற மாதிரி போகுது பாரு இந்தக் குச்சி. வேத்தாளுக்குத்தான் அப்படி வழி விடுவோம்."

அப்படியானால் நல்லையா இருக்கிறான் என்றுதானே அர்த்தம் என்று ஆதிப் கேட்டான். முத்துவீரன் கொம்பியூட்டரைக் காட்டினார். கட்டைக் குச்சியை எடுத்துவிட்டு நீளக் குச்சியை மட்டும் வைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, இரண்டும் ஒரே பதிவில் கலந்து கிடக்கிறது, கீழ்ச் சத்தத்தை வெட்டினால் போனில் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்றான் ஆதிப். அது சரியான சத்தம் இல்லை என்றும் சொன்னான். சரியில்லாத சத்தத்தில்தான் தம்பி தனியாக இருந்தான் என்று முத்துவீரன் நினைத்துக்கொண்டார்.

பிறகு சுரேந்திரனுக்கு எடு என்றார். ஆதிப் தன் போனிலிருந்தே எடுத்தான். இரண்டு தடவை அறுந்து மூன்றாம் தடவை கிடைத்தது.

முத்துவீரன் நலம் விசாரிக்கவில்லை. "கட்டக் குச்சியப் புடிச்சது யாரு?" என்று கேட்டார்.

காற்றுச் சத்தத்துக்கு நடுவில் பதில் வந்தது.

"நான்தான் பெரியப்பா," என்றான் சுரேந்திரன். "அப்பாவுக்கு வலது பக்கம் வரல. தீவாளிக்கு மறுநாள் காலையில விழுந்துட்டாரு. பேச்சும் கொழறுது. ஒங்ககிட்டச் சொல்றேன்னு சொன்னா கைய ஆட்டி ஆட்டி வேணாம்ங்கிறாரு. தப்ப நான் மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டேன். எடது கையில குச்சியக் குடுத்தேன். நான் அடிச்சதும் அவரு அடிச்சாரு."

முத்துவீரன் அவன்கிட்டக் குடு என்றார். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு. மூச்சுக்குள் ஏதோ ஒன்று உருண்டது. ண் என்றும் கேட்டது, ம் என்றும் கேட்டது. அண்ணே என்று சொல்ல வந்ததா, சும்மா ஒரு கிழவனின் தொண்டைச் சளியா, முத்துவீரனால் பிரிக்க முடியவில்லை. ஆதிப் சத்தத்தை ஏற்றினான். ஏற்றியதில் மூச்சுதான் பெரிதானது.

"அவன் கையில ஒரு குச்சியக் குடு," என்றார் முத்துவீரன். "நான் அடிக்கிறேன்."

மேசையின் மேல் வலது கை முட்டியால் அடித்தார். கட்டைக் குச்சியின் அடி. ஒரு சுற்று. அந்தப் பக்கத்திலிருந்து டிங் என்று ஒரு தகரச் சத்தம் வந்தது, சாப்பாட்டுத் தட்டாக இருக்க வேண்டும். பிந்தி வந்தது. ஆனால் போனும் பிந்தித்தான் வரும். சுரேந்திரன் முதலில் பேசினபோதும் ஒவ்வொரு சொல்லும் பிந்தித்தான் வந்தது. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மறுபடி அடித்தார். மறுபடி டிங்.

அப்போது அவருக்கு வேறொன்று தோன்றியது. கூத்தில் மதன் எரிந்த பிறகு அவன் மனைவி ரதி தலைவிரித்து வருகிற இடத்தில், இளையவனின் தப்பு ஒரு சுற்று முழுக்க ஓய வேண்டும். மூத்தவன் மட்டும் அடிப்பான். அது அவர்களுடைய அப்பன் வைத்த வழக்கம், வேறு எந்தத் தோட்டத்திலும் கிடையாது. சுரேந்திரனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, கோத்தகிரியில் காமன் கூத்துக்கு யாரும் தப்பு அடிப்பதில்லை என்று நல்லையாவே சொல்லியிருக்கிறான். அந்த இடத்தில் தட்டுச் சத்தம் வந்தால் அது வேறு ஆள். வராவிட்டால் நல்லையா.

முத்துவீரன் ரதி வருகிற அடியை மேசையில் எடுத்தார். முட்டி வலித்தது.

தட்டுச் சத்தம் வரவில்லை.

அரைச் சுற்று ஆனது, வரவில்லை. முக்கால் சுற்று. முத்துவீரனின் கண்ணில் தண்ணீர் நிறைந்து மேசை மங்கியது. அவன் ஓய்ந்திருக்கிறான். நாற்காலியில், கம்பளிக்குள், குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணன் சுற்றை முடிக்கட்டும் என்று காத்திருக்கிறான். சுற்று முடிந்தது. இனி அவன் சேர வேண்டும். முத்துவீரன் அடுத்த அடியை அடித்துவிட்டு நிறுத்தினார்.

ஒன்றும் வரவில்லை.

ஆதிப் போனை எடுத்துப் பார்த்தான். அழைப்பு அறுந்திருந்தது.

எப்போது அறுந்தது என்று முத்துவீரன் கேட்டார். ஆதிப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எத்தனை நிமிசம் பேசியது என்று அதில் இருந்தது. அவர் ரதி அடியை எடுத்தது எத்தனையாவது நிமிசம் என்று யாரும் பார்க்கவில்லை. சுற்றுக்கு முன்னால் அறுந்திருக்கலாம். சுற்று முடிந்து, நல்லையா குச்சியை இறக்கப் போகிற நேரத்தில் அறுந்திருக்கலாம். மறுபடி எடுத்துப் பார்த்தான். தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் சொன்னாள். இன்னொரு தடவை எடுத்தான். அதையே சொன்னாள்.

"ஐயா, இரிக்கார் ஐயா," என்றான் ஆதிப். "மகனே சொல்லிட்டாரே. அடியில நீங்களே கண்டுபிடிச்சீங்க, அவரும் அதையேதான் சொன்னார். ரெண்டும் ஒத்துப் போகுதே."

"அதான் சொல்றேன். எல்லாம் ஒத்துப் போகுது," என்றார் முத்துவீரன்.

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆதிப் பாவம், கொஞ்சம் இருங்கள், நாளைக்கு நானே எடுத்துத் தருகிறேன், இரண்டு அடியையும் சேர்த்து முடித்ததை ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள் என்றான். உங்களை வலது பக்கமும் அவரை இடது பக்கமும் வைத்திருக்கிறேன் என்றான். கூத்து நடத்துகிற கோயில்காரர்களிடம் கொடு, அவர்கள் கேட்கட்டும் என்றார் முத்துவீரன். பெட்டிகளைப் பார்க்காமல் கதவைத் திறந்தார்.

படியில் கபூர் எதிரே வந்து, சரியாக வந்ததா பெரியவரே என்று கேட்டார். முத்துவீரன் கையை ஆட்டிவிட்டு இறங்கினார். வெளியே வெயில் ஏறியிருந்தது. தோட்டத்துக்கு, ரக்வானைப் பக்கம் போகிற பஸ் சந்தியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. செத்துப்போனான் என்று யாராவது வந்து சொல்லியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டார். இருக்கிறான் என்கிறார்கள், அதையும் நம்ப முடியவில்லை. நேரில் போய்க் கையைப் பிடித்துப் பார்க்காத வரைக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கூப்பிட்ட பஸ்ஸில் ஏறாமல், அவர் வீதியோரமாக நடந்துகொண்டே இருந்தார்.